மரங்கொத்திக்கு வந்த சந்தா

ஆல்டர் க்ரீக் அஞ்சலகத்தின் தராசு பதினொரு வருஷமாக என் பொறுப்பில் இருக்கிறது. பத்திரிகை என்றால் பவுண்டுக்கு இரண்டு சென்ட். பத்திரிகை இல்லை என்றால் பிரதிக்கு ஒரு சென்ட். வாஷிங்டனில் எழுதிய சட்டம் இது. நான் எழுதியிருந்தால் இன்னும் கறாராக எழுதியிருப்பேன்.

டெல்ஃபியா ஹாஸ்கின்ஸுக்கு அப்போது வயது பதின்மூன்று. கோழிக்கூட்டில் ஒரு சின்ன அச்சுப்பொறியை வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை ‘மரங்கொத்தி’ என்ற பத்திரிகையை அடித்தாள். நூற்று நாற்பது பிரதி. உள்ளூரில் யாரும் வாங்குவதில்லை. மெய்ன் தொடங்கி கலிஃபோர்னியா வரை அவளைப் போலவே பத்திரிகை நடத்தும் பிள்ளைகளுக்கு அனுப்புவாள். அவர்கள் தங்களுடையதை இவளுக்கு அனுப்புவார்கள். காசு கைமாறாது. நாடு முழுக்கப் பிள்ளைகளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்த காலம்.

நான் ஒரு வருஷமாக அதைப் பத்திரிகை என்றே நிறுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த இலையுதிர் காலத்தில் வம்பு வந்தது. எங்கள் ஊர் வாரப் பத்திரிகையான ‘முரசி’ன் ஆசிரியர் ஓரின் பெக்வித், தேவாலயப் பிக்னிக் பற்றிய செய்தியை முன்கூட்டியே எழுதி அச்சடித்துவிட்டார். இதமான வெயிலாம், எல்லோரும் மகிழ்ந்தார்களாம். அன்று பேய்மழை, பிக்னிக்கே நடக்கவில்லை. ‘மரங்கொத்தி’ அதை இரண்டே வரியில் சொன்னது. ‘மரங்கொத்தி’ பத்திரிகையே இல்லை என்று பெக்வித் வாஷிங்டனுக்கு நாலு பக்கத்துக்குப் புகார் எழுதினார்.

விசாரிக்கக் கல்வர் என்ற தபால் இன்ஸ்பெக்டர் ரயிலில் வந்து இறங்கினார். பிரதிக்கு ஒரு சென்ட் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் ‘மரங்கொத்தி’க்கு அதுதான் கடைசி மாதம். அவள் முட்டை விற்றுச் சேர்ப்பதைப் போல நாலு மடங்கு தபாலுக்கே போய்விடும்.

பத்திரிகைக்கு அலுவலகமும் சந்தா கட்டுபவர்களும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கல்வர் குனிந்து கோழிக்கூட்டுக்குள் போனார். அச்செழுத்துப் பெட்டியின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ‘அலுவலகம் உண்டு’ என்று எழுதிக்கொண்டார். பிறகு பெக்வித் உட்பட எல்லோரும் அஞ்சலகத்துக்கு வந்தோம்.

“சந்தாதாரர் பட்டியல் எங்க, பாப்பா?” என்றார் கல்வர்.

“பாப்பா இல்ல சார், எடிட்டர்” என்று காகிதத்தை நீட்டினாள்.

பெக்வித் சிரித்தார். “இதுல காசு குடுத்தவன் ஒருத்தனாவது இருக்கானான்னு கேளுங்க! எல்லாம் பொடிசுங்க. போ, போய்ப் பொம்மை வெச்சு விளையாடு.”

“உங்க கொல்லையில அடுக்கி வெச்சிருக்கிற விறகு எங்கேருந்து வந்துச்சு, மிஸ்டர் பெக்வித்?” என்றாள் டெல்ஃபியா.

பெக்வித்தின் சிரிப்பு நின்றது. ‘முரசு’க்குச் சந்தாவாகப் பாதிப் பேர் விறகுதான் கொடுப்பார்கள். “ஓக் விறகு ஏற்கப்படும், டர்னிப் கிழங்கு இனி வேண்டாம்” என்று அவரே முதல் பக்கத்தில் போடுவார்.

“விறகு எரியும்” என்றார் கல்வர். “இந்தப் பேப்பரையெல்லாம் வெச்சு நீ என்ன பண்ணுவ?”

“படிப்பேன்.” பட்டியலில் இருந்த பெயர்கள் மேல் விரலை வைத்தாள். “இந்த ஊர்ல எங்கிட்ட முட்டை என்ன விலைன்னுதான் சார் கேக்குறாங்க. நான் எழுதினதுக்குப் பதில் எழுதுறது அவங்க மட்டும்தான். நல்லா இல்லைன்னா திட்டுவாங்க. அதுவும் வேணும் எனக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. முட்டை விலை கேட்பவர்களில் நானும் ஒருத்தி.

கல்வர் தாடையைச் சொறிந்தார். “விறகு சந்தான்னா பேப்பரும் சந்தாதான். சரி. இலவசமா யாராச்சும் படிக்கிறாங்களா? பொய் சொல்லக் கூடாது.”

“ஒருத்தங்க படிக்கிறாங்க” என்றாள் டெல்ஃபியா.

பையிலிருந்து, வெர்மான்டிலிருந்து வந்த பத்திரிகை ஒன்றை எடுத்து விரித்தாள். ஓரத்தில் பிளம் ஜாமில் பதிந்த கட்டைவிரல் ரேகை. “வர்றது எல்லாத்துலயும் இருக்கு. நான் அனுப்புறதுலயும் இருக்காம். உன் பத்திரிகையில ஜாம் நல்லாருக்குன்னு டெக்சஸ்லேருந்து எழுதியிருக்காங்க.” என் பக்கம் திரும்பினாள். “நீங்க எதுவும் சொல்றதில்லையே, மிஸ் ட்ரஸ்க். பிடிச்சிருக்கா, இல்லையா?”

சிற்றூர் அஞ்சலகங்களில் இது வழக்கம்தான். சுற்றியிருக்கும் காகிதப்பட்டையை உருவி, படித்துவிட்டு, மறுபடி மாட்டிவிடுவோம். காலை ரொட்டியோடு படித்தால் நேரம் மிச்சம். அதைத் திருட்டு என்று யாரும் சொன்னதில்லை. அன்று என் காது சூடாகிவிட்டது.

“இலவச வாசகர் ஒருவர். அரசாங்க ஊழியர்” என்று கல்வர் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

நான் பின்கட்டுக்குப் போய் ஒரு ஜாடி பிளம் ஜாம் கொண்டுவந்து டெல்ஃபியாவின் முன்னால் வைத்தேன். “ஒரு வருஷ சந்தா. பிடிச்சிருக்கு. அந்த மழைச் செய்தியை மூணு தடவை படிச்சேன்.”

“இந்த ஊர்ல இது செல்லுமா, மிஸ்டர் பெக்வித்?” என்றார் கல்வர்.

போன வருஷத்துச் சந்தாவாக நான் கொடுத்த இரண்டு ஜாடி பெக்வித்தின் அலமாரியில் இருந்தன. அவர் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்வர் எழுதியிருந்ததில் ‘இலவச வாசகர்’ என்ற கடைசி வரியை அடித்துவிட்டு, பவுண்டுக்கு இரண்டு சென்ட்தான் என்று சொல்லி மாலை ரயிலைப் பிடித்தார்.

அடுத்த மாத ‘மரங்கொத்தி’யை டெல்ஃபியா கட்டாகக் கொண்டுவந்தாள். எனக்கென்று தனியாக ஒரு பிரதி, மேலே என் பெயர் எழுதியிருந்தது. கையால் என் பெயர் எழுதி எனக்கு வந்த முதல் பத்திரிகை அது. முதல் பக்கத் தலைப்பு: ‘நம் தபாலைப் படிப்பது யார்?’ இரண்டு பத்தி முழுக்க நான்தான். ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஜாமில் சர்க்கரை அதிகம் என்றும் எழுதியிருந்தாள்.

அவள் போகவில்லை. தராசுக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

“ரெண்டாவது பத்தி நீளம்” என்றேன். “வெட்டியிருக்கலாம்.”

அவள் முகம் அப்படி மலர்ந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டாள்.

கைகளைக் கழுவிவிட்டு வந்து பத்திரிகைக் கட்டைத் தராசில் நிறுத்தேன். சரியாக இரண்டு பவுண்டு. நான் செய்ததெல்லாம் மெய்னிலிருந்து கலிஃபோர்னியா வரை நாலு சென்டில் போய்ச் சேர்ந்தது.