மூன்றாவது எச்சரிக்கை

வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டது நான்தான். என் தங்கை இளவரசிக்கு அன்று காலை பத்து மணிக்குக் கடைசிப் பரீட்சை. பி.ஏ. தமிழ், மூன்றாம் வருடம், ஆன்லைனில். ஆரம்பாக்கத்தில் லோகநாதன் அண்ணனின் ஜெராக்ஸ் கடையில் ஊராருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பித் தருகிறவள் நான். கம்ப்யூட்டர் சமாசாரத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு. அண்ணனிடம் கெஞ்சிக் கடை லேப்டாப்பை இரவல் வாங்கி வந்திருந்தேன். கோழிகளைக்கூடப் பக்கத்து வீட்டுக்கு விரட்டியாயிற்று.

"மைக்கு, கேமரா ரெண்டும் ஆன்லயே இருக்கும்மா. வேற ஆள் கொரல் கேட்டா பரீட்சைய நிறுத்திடுவான். புரியுதா?" என்று அம்மாவிடம் நாலு தடவை சொன்னேன்.

"நான் எதுக்குடி பேசப் போறேன்? வாசல்ல குந்திகினு எறா உரிக்கிறேன்" என்றாள் அம்மா.

இளவரசிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு. ஹெட்போனில் அதன் குரலைக் கேட்டே மூன்று வருடமும் படித்தாள். அந்தக் குரல் ஓடுகிற ஓட்டத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அவளுக்கு அது போதாது, இன்னும் வேகமாக ஓடவிடுவாள். இந்த ஒரு பேப்பர் தேறிவிட்டால் சென்னையில் பி.எட். சீட் உறுதி, தங்க விடுதியும் உண்டு. மாதக் கடைசிக்குள் மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டும். படித்து முடித்துத் தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதைத் தவிர அவள் எங்களிடம் எதையும் கேட்டதில்லை.

முந்தைய வருடங்களில் பொன்னேரிக்குப் போய் எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதுவார். இந்த வருடம் எல்லாம் ஆன்லைன் என்றார்கள். எழுத ஆள் வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டோம். 'எங்கள் தேர்வுத் தளம் அனைவருக்கும் ஏற்றது. ஹெட்போன் பயன்படுத்தலாம்' என்று பதில் வந்தது. ஒரு தடவை பழகிப் பார்க்கவாவது கொடுங்கள் என்று எழுதியதற்குப் பதிலே இல்லை.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணியம்மாள் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. ஏரியில் கையால் எறால் பிடிக்கிறவள். கழுத்தளவுக்குத் தண்ணீரில் குனிந்து, அடியில் இருக்கும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அதற்குப் பெயர் பறி. பறி வாயில் இருக்கும்போது பேச முடியாது. அதனால் ஏரிக்குள் யார் யாரைக் கூப்பிட்டாலும், மூக்கால் ஒரு 'ம்' மட்டும் வரும். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அது வரவில்லை என்றால், இருக்கிற அத்தனை பேரும் பறியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் தேடுவார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில், அம்மாவோடு எறால் பிடித்த ஜெசிந்தா அக்காவை அப்படித்தான் தேடினார்கள். கிடைத்தாள், ஆனால் உயிர் இல்லை.

இளவரசி பேசப் பழகிய நாளிலிருந்து கரையில் உட்கார்ந்து "அம்மா" என்பாள். தண்ணீரிலிருந்து 'ம்' வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அம்மா, மறுபடி ம். அதை வைத்தே அம்மா எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறாள், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறாள் என்று சொல்லிவிடுவாள். எங்கள் நைனா செத்துப்போன வாரம் முழுக்க வீட்டில் கேட்டது இந்த இரண்டு சத்தம்தான். நான் கேலிகூடச் செய்வேன், "உங்க ரெண்டு பேருக்கும் போனே வேணாம்" என்று.

பத்து மணிக்கு லாகின் செய்துகொடுத்துவிட்டு நான் வெளியே வந்து ஜன்னலோரம் நின்றேன். உள்ளே என்ன நடந்தது என்பது பிற்பாடு அவள் சொல்லித்தான் தெரியும். முதல் இரண்டு கேள்வியை அந்தக் குரல் ஒழுங்காக வாசித்தது. மூன்றாவதற்கு "படம்" என்றது. நான்காவதற்கும் "படம்" என்றது. கேள்விகளை ஏதோ தாளிலிருந்து போட்டோ பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். போட்டோவில் இருக்கும் எழுத்தை அந்த மென்பொருளால் வாசிக்க முடியாது. வாசிக்க முடிந்ததையும் வாசிக்க விடவில்லை. மூலையில் ஓடுகிற கடிகாரம் நிமிடத்துக்கு நிமிடம் மாற, மாறும்போதெல்லாம் குரல் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்தின் தலைக்குத் தாவியது. பாதி கேட்ட கேள்வியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

நான் பார்த்ததெல்லாம் அவள் விரல்களைத்தான். நாற்பது நிமிடம் அந்த விரல்கள் ஓயவில்லை. பிறகு நின்றன. நெற்றியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மா" என்றாள்.

அவள் கூப்பிடவில்லை. காலில் முள் குத்தினால் எல்லோரும் சொல்வோமே, அந்த அம்மா.

வாசலிலிருந்து 'ம்' என்று வந்தது.

'வேறொரு நபரின் குரல் பதிவாகியுள்ளது. இது மூன்றாவது எச்சரிக்கை. உங்கள் தேர்வு முடிக்கப்பட்டது.' அன்று காலையில் அந்தத் தளம் தடங்கலே இல்லாமல் அவளுக்கு வாசித்துக் காட்டிய அறிவிப்பு இது ஒன்றுதான்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு இளவரசி அதை ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. நேரே வாசலுக்குப் போனேன். அம்மா மடியில் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள், கையில் பாதி உரித்த எறால்.

"வாய வெச்சிகினு சும்மா இருக்க முடியாதாமா உனக்கு? ஒரே ஒரு நாளு. அவ வாழ்க்கையே போச்சு உன்னால."

"நான் பேசலியேடி" என்றாள் அம்மா. "ம்னுதான சொன்னேன். புள்ள கூப்டுச்சே."

"அதான் சொல்லாதன்னேன்."

உள்ளேயிருந்து இளவரசி, "அம்மாவ வுடுக்கா, அது பழக்கம்" என்றாள். நான் விடவில்லை. இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசுகிறது.

பல்கலைக்கழகத்துக்கு மெயிலுக்கு மேல் மெயில் போட்டேன். நான்காம் நாள் பதில் வந்தது. மூன்று எச்சரிக்கைகளையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பத்து ஏழுக்கு: தேர்வர் திரையைப் பார்க்கவில்லை. பத்து பத்தொன்பதுக்கு: தேர்வர் திரையைப் பார்க்கவில்லை. மூன்றாவது, அம்மாவின் குரல். விதிப்படி மூன்று எச்சரிக்கைக்குப் பின் தேர்வு செல்லாது, அடுத்த ஆண்டு எழுதலாம்.

பிறவியிலேயே கண் தெரியாதவள் திரையைப் பார்க்கவில்லையாம். முதல் இரண்டும் திரையில் சிவப்புக் கட்டமாக வந்திருக்கின்றன, குரல் அவற்றை வாசிக்கவே இல்லை. அம்மா மூச்சு விடாமல் இருந்திருந்தாலும் இன்னொரு பத்து நிமிடத்தில் அந்த கேமராவே மூன்றாவதையும் போட்டிருக்கும். கடையில் உட்கார்ந்து அதைப் படிக்கும்போது எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியை யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அன்று எனக்கு அதுதான் பொருத்தம்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "உன் மேல தப்பே இல்லமா. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

அம்மா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். பரீட்சை நாளிலிருந்தே அவள் 'ம்' சொல்வதை விட்டிருந்தாள். சோறு போடட்டுமா, துணி காய்ந்ததா என்று இரண்டு வார்த்தை பேசுவாள். இளவரசி "அம்மா" என்று கூப்பிட்டால் மட்டும், எங்கே இருந்தாலும் எழுந்து வந்து அவள் தோளைத் தொடுவாள். பதில் சொல்ல மாட்டாள். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மாதக் கடைசியும் போயிற்று, சீட்டும் போயிற்று. இளவரசி அழவில்லை. போனில் அந்தக் குரலை நிறுத்திவைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. மூன்று பேரும் ஏரிக்குப் போனோம். அம்மா மற்றப் பெண்களோடு தண்ணீரில் இறங்கினாள். இளவரசி வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா" என்றாள்.

பதில் இல்லை.

"அம்மா." இந்தத் தடவை சத்தமாக.

முப்பதடி தூரத்தில் அம்மா நிமிர்ந்து நின்று அவளையே பார்த்தாள். பறி பல்லில் இருந்தது. அவள் தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். சத்தம் மட்டும் வரவில்லை. தொட்டுச் சொல்லிக்கொள்ள அங்கே தோளும் எட்டாது. மற்றப் பெண்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள்.

இளவரசி எழுந்துவிட்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் நின்று, நானே "ம்" என்றேன்.

"அக்கா, நீ சும்மா இரு" என்றாள். "அம்மா எங்க?"

"இருக்காடி. எதிர்லதான் நிக்கிறா."

"இருந்தா ம்னு சொல்லுவா" என்றாள் இளவரசி. சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் முன்னால் நீட்டித் தண்ணீருக்குள் இறங்கி, குனிந்து, தேட ஆரம்பித்தாள்.