ஒற்றை உம்

1

இந்தக் கதை எனக்கு மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் கிடைத்தது. லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நான் மட்டும். மேலே எந்திர அறையிலிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார்.

"பெரியவரே, பயப்படாதீங்க. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

"எனக்கு என்னப்பா தெரியும், நீயே பேசு" என்றேன். பேசினார். நாற்பது நிமிடம்.*

(*ஆறு நிமிடம் என்கிறாள் என் மனைவி. அவள் வெளியே நின்றவள். உள்ளே ஓடிய காலம் அவளுக்கு எப்படித் தெரியும்?)

வீட்டுக்கு வந்த கையோடு எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "டிராகன் வாயைத் திறந்தபோது அத்தானின் வாள் இன்னும் உறையிலேயே—" அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே டிராகனை விட்டால் அப்புறம் லிஃப்ட்டை எவன் மதிப்பான்?

2

மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் போட்டு, இருபது முகப் பகடையை உருட்டி ஆடும் கதை விளையாட்டு ஒன்றுக்கு அவர்தான் விதி எழுதுகிறவர், கதை நடத்துகிறவர், டிராகனும் அவரே. ஆடுவது இரண்டு பேர். மந்திரவாதி, அவருடைய அக்கா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கிறவர். வாள்வீரர், அக்காவின் கணவர். பேருந்து ஓட்டுநர். பதினொரு வருடம், ஒரே வீரர், ஒரே வாள்.

அந்தப் பதினொரு வருடத்தில் அத்தான் ஒரு டிராகனைக்கூடக் கொன்றதில்லை. காரணம் ஒரே ஓர் உம்.

விதிகளின் முதல் பதிப்பில் தம்பி, அதாவது நம் மெக்கானிக், இப்படி எழுதினார்: "வீரன் ஒரு சுற்றில் ஒருமுறை வாள் வீசலாம். மந்திரவாதி ஒரு சுற்றில் ஒரு மந்திரமும் சொல்லலாம்."

அவர் நினைத்தது, ஆளுக்கு ஒரு வேலை. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"மந்திரமும்னு போட்டிருக்கே தம்பி. அப்படின்னா ஓடலாம், ஒளியலாம், மருந்து குடிக்கலாம், அதுக்கு மேல மந்திரமும். அப்படித்தானே?"

"அது சும்மா எழுத்து ஓட்டத்துல வந்துடுச்சுக்கா."

"பத்திரத்துல எழுத்து ஓட்டம்னு ஒண்ணு கிடையாது."

அத்தான் ஓடிப்போய் வாளை உருவுவதற்குள் டிராகன் சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பலின் மேல் அத்தான் எத்தனை முறை வாள் வீசியிருக்கிறார் என்று தம்பி கணக்கு வைக்கவில்லை, மரியாதைக்காக.

3

இரண்டாம் பதிப்பில் தம்பி உம்மைப் பிடுங்கிவிட்டு ஏகாரத்தை நட்டார்: "ஒரு மந்திரமே சொல்லலாம்." மந்திரம் சொன்னால் வேறொன்றும் செய்யக் கூடாது. நகரக்கூட முடியாத மந்திரவாதியை மூன்றாம் சுற்றில் ஒரு தவளை விழுங்கிவிட்டது.† அக்கா புதிதாக வேறொரு மந்திரவாதி வேடம் எடுத்தார், ஆனால் இரண்டு மாதம் தம்பியோடு பேசவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டே, "ஏங்க, தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க உங்க மச்சான்கிட்ட" என்பார்.

(†பெரிய தவளை. இருந்தாலும் தவளைதான்.)

மூன்றாம் பதிப்பில் வம்பே வேண்டாமென்று இருவருக்கும் ஒரே மாதிரி கொடுத்தார். மந்திரத்துக்குப் பெயர் இருப்பதுபோல வாள் வீச்சுக்கும் பெயர், எண்ணிக்கை, நாளுக்கு இத்தனை முறை என்ற வரம்பு. எல்லாம் சரிசமம். அத்தான் தன் வேடத்தின் அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இப்ப நானும் மந்திரவாதிதான். வாள் எங்கடா?"

அத்தான் அமைதியாகச் அடுத்துச் சொன்னதுதான் தம்பியைக் குத்தியது:

"அடுத்த தடவையும் இப்படித்தான்னா நான் வரல. நீயும் உங்கக்காவும் ஆடுங்க. நான் டீ போட்டுக் கொடுக்குறேன்."

இரண்டு பேர் ஆடும் மேசையில் ஒருவர் டீ போடப் போனால் மேசை என்ன ஆகும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

4

[இங்கே கதைக்கு ஒரு வில்லன் தேவை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரைக் கொண்டுவந்தேன். வந்தார், உட்கார்ந்தார், பிஸ்கட்டை எல்லாம் தின்றார், ஒன்றும் செய்யவில்லை. அடித்துவிட்டேன். பிஸ்கட் போனது போனதுதான்.]

5

இப்போது கவனியுங்கள்.

போன மாதம் வேறொரு கட்டடத்தில் தம்பி கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் பெட்டி மேலே போனது, கம்பிவடத்தின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை கீழே வந்தது. இருபது வருடமாகப் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் உறைத்தது. விளையாட்டில் இத்தனை நாள் பெட்டியின், அதாவது மந்திரவாதியின், கனத்தையே கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுமுனையில் தொங்கும் வாளை அதோடு ஒரே வடத்தில் கோக்கவே இல்லை.

தமிழில் உம் இரண்டு சேர்ந்து வந்தால்தான் இணை. அக்காவும் அத்தானும். இடியும் மழையும். அவர் முதல் பதிப்பில் ஒற்றை உம்மைத் தொங்கவிட்டிருந்தார்! தப்பு, இருந்த உம்மில் இல்லை. எழுதாத உம்மில்.

எண்ணெய்க் கையாலேயே ரசீதின் பின்புறத்தில் நான்காம் பதிப்பை எழுதினார்:

"வாளும் மந்திரமும் சேர்ந்தே ஒரு தாக்குதல். தொடங்கிய மந்திரம் அடுத்த சுற்றில்தான் விழும். அதுவரை மந்திரவாதி அசையக் கூடாது. அவர் முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். நிற்பவர் இடம்விட்டால் மந்திரம் கலையும்."

ஞாயிறு மதியம் சோதனை ஆட்டம். அத்தான் விதியைப் படித்தார்.

"அப்ப நான் கதவு."

"கதவு தானா முடிவெடுக்காது அத்தான். நீங்க எப்ப வேணா நகரலாம், பாஞ்சு வெட்டலாம்."

"பஸ்ஸுலயும் அப்படித்தான். எத்தனை பேர் பின்னாடி உக்காந்தாலும் மொதல்ல இடிபடுறது நான்தான்."

ஆனாலும் ஆடினார். மூன்றாவது சுற்றிலேயே நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு ஆடினார். டிராகனின் வால் இரண்டு முறை அவரைப் புரட்டியது. இரண்டு முறையும் அதே இடத்தில் எழுந்தார். முதுகுக்குப் பின்னால் அக்காவின் மந்திரம் பாதி வெந்துகொண்டிருந்தது. டிராகனுக்கு மிச்சம் ஒரே ஓர் அடி உயிர். அத்தானின் முறை.

நின்றால் போதும். அடுத்த சுற்றில் மந்திரம் விழும், டிராகன் சாகும், வழக்கம்போல அக்கா கணக்கில். வெட்டப் பாய்ந்தால் மந்திரம் கலையும். பகடையில் பதினைந்தோ அதற்கு மேலோ விழுந்தால், பதினொரு வருடத்தில் முதல் டிராகன். விழாவிட்டால் டிராகனின் நெருப்பு வரும், இருவரும் முடிந்தார்கள். இறந்த வேடம் திரும்ப வராது என்பது எல்லாப் பதிப்புகளிலும் மாறாத ஒரே விதி.

மேசை பிழைக்குமா என்பது இனி தம்பி கையில் இல்லை.

அக்கா அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏங்க. பாயுங்க."

"நீ செத்துடுவியேம்மா."

"விதி அப்படித்தான் போட்டிருக்கு. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன்."

அத்தான் பகடையைப் பார்த்தார். பின்னால் திரும்பி, அங்கே உண்மையாகவே மந்திரவாதி நிற்பதுபோல அக்காவைப் பார்த்தார்.

6

அந்த இடத்தில் மெக்கானிக் பிரேக்கை விட்டார். உள்ளே ஒற்றை ஆள், எதிர் எடைதான் கனம். பெட்டி தானாக மேலே போனது.

"அப்புறம்?" என்று கத்தினேன்.

"நாலாம் மாடி வந்தாச்சு. இறங்குங்க பெரியவரே."

நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பத்தொன்பது விழுந்தது. ஒன்றில் அத்தான் நகரவில்லை, அக்கா அழுதார். ஒன்றில் பகடை மேசைக்கடியில் உருண்டு, கணக்கு வாத்தியார் எடுத்துக் கொடுத்து— அவரை அடித்தாயிற்றே!

பிறகுதான் என் யோக்கியதை புரிந்தது. கதை எழுதுகிறவன் முதல் பதிப்பு மந்திரவாதி. ஓடுவான், ஒளிவான், பிஸ்கட் தின்ன ஆள் கொண்டுவருவான், அதுக்கு மேல ஒரு வரியில் டிராகனையும் கொல்வான். பக்கத்தில் நிற்கிற உங்களுக்கு வாளை உருவ நேரம் உண்டா?

ஆகவே நான்காம் பதிப்பின்படியே ஆடுகிறேன். கடைசி வாக்கியத்தைத் தொடங்கிவிட்டேன். இனி நான் அசையக் கூடாது. எனக்கு முன்னால் நிற்பது நீங்கள். பாயவும் செய்யலாம், நிற்கவும் செய்யலாம்.

அத்தான் பகடையைக் கையில் எடுத்து