சொந்தக் குரலில் நாற்பது விநாடி

வேரோனிக்கா, கனடாவின் மார்க்கம் நகரில் இயங்கும் ஒரு தமிழ் வானொலியின் செய்தி ஆசிரியை. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம் சூடுபிடித்ததிலிருந்து, காலைச் செய்தி முடிந்த கையோடு அருள்நாயகியின் அழைப்பு வந்துவிடும். பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர் அவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, வெறும் பஸ்ஸில் இருந்து செய்தி கேட்பார்.

"பிள்ளை, நீங்கள் அந்த முன்னாள் அமைச்சருக்குத்தான் பிரசாரம் செய்யிறியள். எதிர்த்து நிக்கிற தொழிற்சங்கத் தலைவரை மூலையிலை போட்டிட்டியள்."

வேரோனிக்காவுக்குத் தன் வேலையில் துளியும் சந்தேகமில்லை. எந்த வேட்பாளருக்கு எத்தனை நிமிடம் என்று தினமும் குறித்து வைப்பவள் அவள். நாலாம் நாள் சொல்லிவிட்டாள்.

"அன்ரி, ஸ்ரூடியோவுக்கு வாங்கோ. இந்தக் கிழமைப் பதிவெல்லாம் போட்டுக் காட்டிறன். பிழை இருந்தா நானே ரேடியோவிலை சொல்லுறன்."

மறுநாள், பின்னேர பஸ் ஓட்டத்துக்கு முன் அருள்நாயகி வந்தார். இருவரும் ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். மூன்று முக்கிய வேட்பாளர்களுக்கும் ஆளுக்குப் பதினொரு நிமிடம், அச்சொட்டாக.

"பாத்தியளோ, அன்ரி?"

"நேரம் சரிதான். ஆனா அமைச்சர் தன்ரை வாயாலை கதைக்கிறார். மற்றவர் கதைச்சதை நீங்களெல்லோ வாசிக்கிறியள்? அந்த மனுசன்ரை குரலை நான் ஒருக்காக்கூடக் கேக்கேல்லை."

வேரோனிக்கா அந்தக் கிழமை வந்த கோப்புகளைத் திறந்து பார்த்தாள். முன்னாள் அமைச்சரின் பிரசார அலுவலகம் தினமும் தெளிவான ஒலிப்பதிவை மொழிபெயர்ப்போடு அனுப்பியது. மற்றத் தரப்பிலிருந்து வந்தது ஒரு பக்க அறிக்கை மட்டும். வந்ததை அப்படியே போட்டிருக்கிறாள். அவர் குரலைத் தேடவில்லை.

"ஓம் அன்ரி. நீங்கள் சொல்லுறது சரி."

நிலையப் பொறுப்பாளர் ஜூலியஸ் தயங்கினார். "பிழையை நாங்களே சொன்னா, பிறகு ஆர் எங்களை நம்புவினம்?"

"சொன்னாத்தான் அண்ணை நம்புவினம். நாளைக்குக் காலமை சொல்லத்தான் போறன்."

சொன்னாள். தொழிற்சங்கத் தலைவரின் குருநாகல் கூட்டத்தை நேரலையிலிருந்து எடுத்து, நாற்பது விநாடி அவர் குரலை விட்டு, சிங்களத்தைத் தானே தமிழாக்கி வாசித்தாள். உடனே அமைச்சரின் ஆதரவாளர்கள் மூன்று பேர் கோபமாக அழைத்தார்கள். மூவருக்கும் நடந்ததை நிதானமாக விளக்கினாள்; ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. நாலாவது அழைப்பு அருள்நாயகியுடையது.

"கேட்டனான், பிள்ளை. குரல் நல்ல தெளிவு. ஆனா உந்த மனுசன் சொல்லுறது ஒண்டும் எனக்குப் பிடிக்கேல்லை."

வேரோனிக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

"அதை நீங்கள்தான் முடிவெடுக்க வேணும், அன்ரி."

தொலைபேசியை வைத்துவிட்டு, மூன்றாவது வேட்பாளரின் குரலையும் தேடத் தொடங்கினாள்.