இரண்டு பல் தள்ளி

காரின் பானெட் தூக்கி நிற்கிறது, அதன் அடியில் ஒரு சந்து, அந்தச் சந்து வழியாக அவருடைய கை மட்டும் தெரிகிறது, சாவியின் மேல், திரும்பாமல், முற்றத்தில் யாரும் அசையவில்லை, அத்தையின் கையில் கற்பூரத் தட்டு சாய்ந்திருக்கிறது, மாமா கை துடைத்த துணியோடு பாதியில் நிற்கிறார், பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை, எல்லோருக்கும் நடுவில் நான் சொன்ன சொல் நிற்கிறது, சொன்னது நான்தான், என் கணவரின் பெயரை, கத்தி, கதிரேசன் என்று. இந்த வீட்டில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை, சொன்னால் ஆயுள் குறையும், மாமாவின் பெயர் சங்கரன், அதனால் சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதுகூட அத்தை, ஆடித்தபசு ஊருக்கு ஒண்ணு குடுய்யா, என்பார், கண்டக்டரும் சிரிக்காமல் கிழித்துக் கொடுப்பார், நானும் கல்யாணமாகி வந்த ஆவணியிலிருந்து பழகிக்கொண்டேன், ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கார்டை நீட்டுவேன், ஊர்க் குன்றின் மேலிருக்கும் சாமிக்கும் இவர் பெயர்தான், மலைக்குப் போயிட்டு வாரேன் என்று மட்டும் சொல்லுவேன், அது எனக்குக் கஷ்டமாகவும் இல்லை, பேசாமலிருப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வரும், பிஎஸ்ஸி இயற்பியல் வாய்மொழித் தேர்வில் விடை நாக்குவரை வந்து நின்றுவிட்டது, வெளியிலிருந்து வந்த பேராசிரியர், என்னம்மா, ஊமையா, என்றார், அதற்கும் பதில் சொல்லவில்லை, அவர் இன்னும் கனவில் வருகிறார், கேள்வி மட்டும் மாறியிருக்கிறது, வீட்டுக்காரர் பெயர் என்ன என்கிறார், நான் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் ரேஷன் கார்டைத் தேடுகிறேன்.

கயத்தாறு தாண்டி ஒரு மத்தியானம் இவர் வாடகைக்கு ஓட்டும் கார் புகைந்து நின்றது, கேஸ்கட் போய் ஆயிலில் தண்ணீர் கலந்து, இஞ்சினை முழுக்க இறக்க வேண்டும் என்றார்கள், அன்றிலிருந்து அவர் யார் யாருடைய கார்களுக்கோ ஆக்டிங் டிரைவராகப் போய்வந்தார், சொந்த வண்டி முற்றத்துத் தகரக் கொட்டகையில் வயிறு காலியாக நின்றது, இதுவும் சரியா வரலன்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டுத் திருப்பூர் பக்கம் போயிர வேண்டியதுதான், என்று சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருநாள் சொன்னார், நான் ரசம் ஊற்றினேன், வேறு என்ன செய்வது. பட்டறையில் கடைந்து வந்த இஞ்சின் பிளாக்கைச் சாக்கின் மேல் வைத்து அவரும் மாமாவும் பூட்டத் தொடங்கினார்கள், பிஸ்டனில் எண்ணெய் தடவி ரிங்குகளை அமுக்கி உள்ளே இறக்குவார், நான் டார்ச் பிடிப்பேன், வால்வுச் சாமான்கள் வரிசை மாறாமல் அத்தையின் பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக இருக்கும், இன்னைக்கு இரும்பு இட்லியா, சட்னி அரைக்கட்டுமா, என்றார் அத்தை, இவர் சிரித்தார், வெகுநாள் கழித்து. இஞ்சினைப் பிரிக்கும்போதே பெல்ட் ஓடும் பல்சக்கரத்தில் ஒன்றும் அதற்கு நேராக இஞ்சின் ஹெட்டில் ஒன்றும் என் நகப் பாலிஷால் புள்ளி வைத்தது நான், இங்கன வை, அழியாது, என்று அவர்தான் இடம் காட்டினார், திரும்பப் பூட்டும்போது அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகளும் நேருக்கு நேர் நின்றால் வால்வும் பிஸ்டனும் ஒன்றையொன்று தொடாமல் மாறிமாறிப் போய்வரும், தள்ளி நின்றால் பிஸ்டன் மேலே வரும்போது வால்வு இன்னும் கீழே இருக்கும், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள் இருக்க முடியாது, நான் படித்ததிலேயே எளிமையானது அதுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம், மாமா டைமிங் பெல்ட்டை மாட்டி முடுக்குகிறார், கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துருவோம்ப்பா, என்கிறார் இவர், நேரம் எங்கலே இருக்கு, லாரியையே பிரிச்சுப் பூட்டுனவன், எனக்கா தப்பும், என்கிறார் மாமா, ரெண்டு பேரும் என்ன வழக்காடிக்கிட்டு நிக்கிய, ராகுகாலம் வாசல்ல வந்து நிக்கி, என்று அத்தை கற்பூரத்தைக் கொளுத்துகிறார், பெல்ட் மூடியை அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்புகிறார், டீசல் வண்டி, ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில்தான் பார்த்தேன், புள்ளிகள் நேரில் இல்லை, முடுக்கும்போது சக்கரம் நழுவியிருக்கிறது, இரண்டு பல் தள்ளி, ஏங்க, என்றேன், யாரும் திரும்பவில்லை, ஏங்க, என்றேன் இன்னும் கொஞ்சம் சத்தமாக, அதே நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு ஏங்க, தண்ணி வந்துட்டு, மோட்டாரப் போடுங்க, தெருவில் எல்லாப் பெண்களும் நாளெல்லாம் சொல்லும் சொல், எந்த ஆணுக்கும் அது தன்னுடையது இல்லை, கையை ஆட்டினேன், பானெட் மறைத்தது, சந்து வழியாக அவருடைய விரல்கள் சாவியில் இறுகுவது தெரிந்தது, பிறகு அந்தக் குரல் கேட்டது, யாருடையது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

அத்தைதான் முதலில் அசைந்தார், ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட, கட்டுனவன் பேரத் தெருவுக்கே கேக்கக் கத்துவாளா ஒருத்தி, எம்பிள்ள ஆயுசு என்னத்துக்கு ஆகும், என்றார், அழப்போகிற குரல், அவர் இறங்கி வந்தார், முகத்தில் கோபமில்லை, என்ன முகம் அது என்று சொல்லத் தெரியவில்லை, தூக்கத்தில் தட்டி எழுப்பப்பட்டவரைப்போல நின்று, என்னது, என்றார், டார்ச்சைப் புள்ளியின் மேல் காட்டினேன். குனிந்து பார்த்தார், ஸ்பானரைக் கிராங்க் போல்ட்டில் மாட்டி மெல்லச் சுற்றினார், கொஞ்சம் போனது, டக், நின்றது, பின்னால் எடுத்து மறுபடி, டக், இரும்பு இரும்பைத் தொடும் மிகச் சின்னச் சத்தம், சாவி திரும்பியிருந்தால் அத்தனை வால்வும் வளைந்திருக்கும், அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பிறகு, டார்ச்ச இப்படிக் காட்டு தாயி, என்றார்.

பெல்ட்டைக் கழற்றிப் புள்ளிகளை நேராக்கி முடுக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றியும் எங்கும் தட்டவில்லை, இதற்குள் ராகுகாலம் வந்துவிட்டிருந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை. அவர் ஏறி உட்கார்ந்தார், சந்து வழியாக மறுபடி அந்தக் கை, சாவியின் மேல், விளக்கு அணைந்திருக்கும், கை திரும்பவில்லை, திருப்பவா, என்றார் உள்ளிருந்து, திருப்புலே, என்றார் மாமா, கை அசையவில்லை, அவளத்தான் கேக்கேன், திருப்பவா, என்றார், நான் தலையாட்டினேன், பானெட் மறைப்பதால் அவருக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது, ஏங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தச் சொல் அது இருந்த இடத்தில் இல்லை, பெயரும் வரவில்லை, எதைக்கொண்டு அவரை அழைப்பது என்று தெரியாமல் நின்றேன், அத்தை தட்டைத் தரையில் வைத்தார், அவந்தான் கேக்கான்லா, இன்னமும் என்ன முழிச்சுக்கிட்டு, ஒருதரம் சொன்ன வாய்தான, சொல்லித் தொல, என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. சொன்னேன். மூச்சளவுதான் வந்தது, கேட்டிருக்காது என்று நினைத்தேன், கை திரும்பியது, இஞ்சின் ஒருமுறை இருமிக் கறுப்பாகப் புகைவிட்டுப் பிடித்துக்கொண்டது, தகரக் கூரை அதிர்ந்தது, அந்தச் சத்தத்துக்குள் நின்று இன்னொரு முறை சொன்னேன், எனக்கே கேட்கவில்லை.