அண்டாவின் அடியில்

அன்னூரில் வேன் பிடித்ததும் லோகப்பிரியாதான், சொந்தக்காரர் பதினாலு பேரைப் போனில் கூப்பிட்டு ஏற்றியதும் அவள்தான். பெரியப்பா பாலுசாமி கொடுத்த அண்டா கோயமுத்தூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பழைய வீட்டுச் சாமான் கண்காட்சியை ஊரே வரிசையில் நின்று பார்க்கிறது, நாம் பார்க்காவிட்டால் எப்படி என்றாள். பெரியப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சலவை வேட்டியோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

ஆட்களை அவள் பொறுக்கித்தான் கூப்பிட்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருக்கும் அத்தனை பேரும் வேனில் இருந்தார்கள். அன்றைக்கு அம்மா சுப்பாத்தாள் தன் சீர்ப் பாத்திரங்களைக் கேட்டாள்.

"வெறுங்கையோட வந்தவ, வெறுங்கையோட போவட்டும்," என்றார் பெரியப்பா.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அண்டாவின் விளிம்பில் வெட்டியிருந்த அம்மாவின் பேரை அதற்குள் அரம் போட்டு ராவி, தன் அப்பாவின் பேரை வெட்டி வைத்திருந்தார் அவர். அந்தச் சொல்லுக்குப் பிறகு அம்மா ஒரு விசேஷத்துக்கும் போனதில்லை. அதை அவர் வாயாலேயே திருப்பி வாங்காமல் விடுவதில்லை என்று லோகப்பிரியா இருந்தாள்.

பெரியப்பா ஒருநாளும் பாத்திரம் விளக்கியவர் அல்ல. விளக்கியவர்களுக்குத்தான் தெரியும், அம்மாவின் தாய்மாமன் ஒரு சந்தேகப் பிராணி, அடியிலும் பேர் வெட்டச் சொல்லியிருந்தார் என்பது. கரிக்குள் இருந்த அந்தப் புள்ளி எழுத்துகள் சின்ன வயதில் அவள் விரலில் உரசியவை. போன மாதம் தன் பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்தபோது அவள் அந்த அண்டாவைப் பார்த்தாள். அங்கே வேலை பார்க்கும் அஃப்ராவிடம், அடியைப் புளி போட்டு விளக்கிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

இன்றைக்கு அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடிப்பித்தளை பளபளத்தது. அஃப்ரா கூட்டத்துக்குக் கேட்கும்படி வாசித்தாள்: "தாராபுரம் சுப்பாத்தாள் கல்யாணச் சீர்."

பெரியப்பாவின் முகம் செத்துவிட்டது. அந்தியூர் அத்தை அண்டாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லோகப்பிரியாவுக்கு இனித்தது, இருபத்திரண்டு வருடத்துக்கும் சேர்த்து இனித்தது.

"ஏனுங்க பெரியப்பா, இது யாருதுங்க?" என்றாள். மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்கவில்லை.

வெளியே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார் அவர். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் வாயருகே நீட்டினாள்.

"அம்மா லைன்ல இருக்காங்க. சொல்லுங்க."

வேனில் வந்த யாரும் நகரவில்லை. பெரியப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "உன்ற அண்டாதான் அம்மணி," என்று முணுமுணுத்தார்.

போனில் சுப்பாத்தாளின் குரல் நிதானமாக வந்தது.

"கேக்கலீங்க மாமா. எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி இன்னொருக்கா சொல்லுங்க."