எட்டாம் நம்பர் போத்தல்

மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட் ஆய்வுக்கூடத்தில் நான் ஒப்பந்தக்காரி. பேர் மார்த்தா. பிஞ்சு ரப்பர் விதையின் உள்தோலை நறுக்கி, புது மரபணு ஏற்றி, மருந்து கலந்த ஜெல்லில் வைப்பது என் வேலை. மரபணு ஏறாத துண்டெல்லாம் அந்த மருந்தில் வெளுத்துச் செத்துவிடும். மூன்று வருடமாக எல்லாமே செத்தன. சனியனே, ஒன்றாவது பச்சை காட்டேன் என்று போத்தல்களைத் திட்டியிருக்கிறேன்.

போன ஆகஸ்டில் எட்டாம் நம்பர் போத்தலில் ஒரு குருத்து எழும்பியது.

"இது வேர் விட்டுச்சுனா ஒனக்கு வேல நிரந்தரம், மார்த்தா," என்றார் எங்கள் அதிகாரி தர்மேந்திரன். ஒப்பந்த ஆளுக்கு வீடு கிடையாது என்று எஸ்டேட் வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லுக்கே ஏங்கியவள் நான். அந்தக் குருத்தைப் பார்த்துக்கொண்ட மாதிரி பெற்ற பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொண்டதில்லை.

ஆயுத பூஜை வந்தது. மைக்ராஸ்கோப், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்த தர்மேந்திரன், கடைசியில் எட்டாம் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

"ஐயோ, தொறக்காதீங்க சார்! கிருமி உள்ள போயிரும்!"

"சாமி காரியம்லா! வெளிய பூசுனா என்னா பலன்? செடி மேலதான் படணும்."

ஒரு சிட்டிகை விபூதியை உள்ளே போட்டார்.

நான்காம் நாள் குருத்தைச் சுற்றிப் பூஞ்சை. ஒரே வாரத்தில் கறுத்து அழுகிவிட்டது. கழிப்பறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

தலைமையகம் விளக்கம் கேட்டது. தர்மேந்திரன் ஒரு தாளை நீட்டினார். பூஜை செய்த கையோடு உதவியாளர், அதாவது நான், போத்தலைத் திறந்ததால் விபூதி விழுந்து கெட்டது என்று மலாயில் எழுதியிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"சார், நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. ஜென்மத்துல விபூதி தொட்டதில்ல."

"மேல உள்ளவங்களுக்குத் தமிழங்க நாமெல்லாம் ஒண்ணுதான்லா. யாரு பாக்கப்போறா? சைன் போடு, ஒன் கண்ட்ராக்ட நான் பாத்துக்குறேன்."

வயிற்றெரிச்சலோடு போட்டேன். ஆனால் பெயரைப் பெரிதாக, தெளிவாக எழுதினேன். மார்த்தாவுக்கு ஏது விபூதி என்று ஒருவராவது கேட்பார் என்று நம்பினேன்.

டிசம்பரில் வேலை நீக்கக் கடிதம் வந்தது. மேலே மார்த்தா என்றும், கீழே காரணம் விபூதி என்றும் அவர்களே தட்டச்சு செய்திருந்தார்கள்.