வீட்டார் கட்டியது

நான் வீடு மாற்றுபவன். என் வீட்டை அல்ல, ஊரார் வீட்டை. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் பீரோவையும் கட்டிலையும் கண்ணாடிச் சாமான்களையும் சுற்றிக் கட்டி, லாரியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் கீறல் படாமல் இறக்கிக்கொண்டிருக்கிறேன். நாலாவது மாடி ஜன்னல் வழியாகப் பியானோவையே இறக்கியவன். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, தற்பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் எனக்கு ஆகாத சமாச்சாரம் ஒன்று உண்டு. சில வீடுகளில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்களே நாலு பெட்டியைக் கட்டி வைத்திருப்பார்கள். அடியில் பீங்கான் தட்டு, அதன் மேல் இஸ்திரிப் பெட்டி, அதற்கும் மேல் மூடி சரியில்லாத தேன் பாட்டில். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் திறக்கக் கூடாது. 'வீட்டார் கட்டியது' என்ற சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி அப்படியே தூக்க வேண்டியதுதான். உடைந்தால் அவர்கள் பாடு, எங்கள் பொறுப்பில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஒன்றைக்கூட நான் திறந்ததில்லை.

இப்படிப்பட்ட உத்தமன் சொந்த வீட்டில் என்ன செய்தான் என்பதுதான் கதை.

என் மகளுக்குப் பதினொரு வயது. கடுகு என்று கூப்பிடுவோம். காரம் குறையாத ஜாதி, அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். சாரணர் படையில் இருக்கிறாள். அந்தப் படை வருடத்துக்கு ஒரு முறை குடும்ப முகாம் நடத்தும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அப்பா அம்மாவோடு கூடாரத்தில் தங்க வேண்டும். பஸ் ஒரு கேட் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை. கொண்டுபோவதை எல்லாம் முதுகில்தான் சுமக்க வேண்டும்.

அந்த முகாமில் 'முகாம் பொறுப்பாளர்' என்று ஒரு பச்சை பேட்ஜ் தருவார்கள். அதற்குக் குடும்பம் முழுவதற்கும் வேண்டியதைப் பிள்ளையே பட்டியல் போட்டு, பிள்ளையே பையில் அடுக்க வேண்டும். பெரியவர்கள் சொன்னதைக் கேட்கலாம், தொடக் கூடாது. போன வருடம் முகாமுக்கு முதல் நாள் கடுகுக்கு அம்மை வார்த்துவிட்டது. கூடாரத்துக்குப் போக வேண்டியவள் கட்டிலில் கிடந்து அழுதாள். அதற்குப் பிறகு கிடைத்த பேட்ஜுகளை எல்லாம் சட்டைக் கையில் தைக்கும்போது நடுவில் ஒரு இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லிவிட்டாள். ஒரு வருடமாக அந்தக் காலி வட்டத்தோடுதான் சட்டை போடுகிறாள்.

வியாழக்கிழமை மாலை எங்கள் இருவரையும் ஹாலில் வரிசையாக நிற்க வைத்தாள்.

"அப்பா, ரெண்டு சட்டை."

"மூணு எடுத்துக்கறேனே. ஒண்ணு அவசரத்துக்கு."

"ரெண்டு. தலையணை கிடையாது. துண்டைச் சுருட்டி வச்சுக்கோங்க."

"எனக்குக் கழுத்து வலி வருமேம்மா."

"தைலம் பட்டியல்ல இருக்கு," என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். நாள் முழுதும் மற்றவர்களுக்கு 'இது சாப்பாட்டுக்கு முன்னாடி, அது சாப்பாட்டுக்கு அப்புறம்' என்று சொல்லிச் சொல்லி அலுத்தவள், அன்று தனக்கு ஒருத்தி உத்தரவு போடுவதை ரசித்துக்கொண்டு நின்றாள்.

மூன்று பைகள். கடுகு ஒவ்வொன்றாக அடுக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. சட்டையை மடிக்காமல் சுருட்டுகிறாள். கரண்டியைக் காலுறைக்குள் திணிக்கிறாள். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் என் மனைவி தொண்டையைக் கனைத்தாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டில் யாரும் இல்லை. ஹாலில் மூன்று பைகளும் நின்றன. பார்க்கத்தான் போனேன், சத்தியமாகப் பார்க்கத்தான். பெரிய பையைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் துணிப்பை. அதற்குள் டார்ச், பிளாஸ்திரி, தீப்பெட்டி, சோப்பு, என் கழுத்துத் தைலம், ஒரு டப்பா பிஸ்கட், ஒரு ஜோடிக் காலுறை. சோப்புக்குப் பக்கத்தில் பிஸ்கட்! கண்டதெல்லாம் ஒரே பையில்! எந்தத் தொழில்காரனும் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

சாயந்திரம் சாரணர் தலைவி வீட்டுக்கே வந்து சோதிக்கப் போகிறார். பிள்ளை தோற்றுவிடுமே என்று பயமாக இருந்தது. ரகசியமாகச் சரிசெய்துவிட்டால் முழு மதிப்பெண் வாங்குவாள், அவளுக்கே தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று பைகளையும் பிரித்து மறுபடி கட்டினேன். ஒவ்வொரு பொருளையும் காற்றுக்குமிழ் காகிதத்தில் சுற்றி, பழுப்புக் காகிதம் போட்டு, கம்பெனி டேப்பால் இரண்டு சுற்று ஒட்டி, எண் எழுதினேன். மொத்தம் முப்பத்தொரு பொட்டலம். கனமானது அடியில், லேசானது மேலே. எந்த எண்ணில் என்ன என்று அழகாக ஒரு பட்டியலும் எழுதினேன். அது கசங்கிவிடக் கூடாது என்று அதையும் சுற்றிக் கட்டினேன். பத்தொன்பதாம் எண். பைகள் செதுக்கி வைத்தது போல் நின்றன. எனக்கே என்னைப் பிடித்துப்போய்விட்டது.

மாலை ஐந்து மணிக்குத் தலைவி வந்தார். மற்ற நாட்களில் அவர் பல் டாக்டர். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார். கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப் வாட்சும் வைத்திருந்தார். கடுகு சீருடையில் விறைப்பாக நின்று வணக்கம் சொன்னாள். சட்டைக் கையில் அந்தக் காலி வட்டம்.

"பட்டியல் பார்த்தேன், ரொம்ப நல்லாருக்கு," என்றார் தலைவி. பிறகு ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "இப்ப முகாமுக்கு வந்து இறங்கியாச்சு. எனக்கு விரல் வெட்டிடுச்சு, ரத்தம் கொட்டுது. ஒரு நிமிஷத்துல கட்டுப் போடணும்."

கடுகு சிரித்தாள். பெரிய பையின் ஜிப்பை இழுத்து, பார்க்காமலே கையை உள்ளே விட்டாள். வெளியே வந்தது பழுப்புப் பொட்டலம், எண் இருபத்தேழு.

சிரிப்பு நின்றது. பைக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் தரையில் உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். இருபத்தேழு, என் துண்டு. எட்டு, கரண்டி. பன்னிரண்டு, இன்னொரு கரண்டி. பியானோவைத் தாங்கிய டேப் அது, பிள்ளைக் கைக்கு மசியுமா? பல்லால் கடித்தாள்.

"பல்லால கடிக்காதே!" என்று அலறினார் தலைவி. வெட்டுப்பட்ட விரலைக்கூட மறந்துவிட்டார்.

நான் மெல்ல, "பத்தொன்பது, பத்தொன்பதைப் பாரு," என்று முணுமுணுத்தேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

தலைவி விசில் ஊதினார். நேரம் முடிந்தது.

"அவசரத்துக்கு எடுக்க முடியாத மாதிரி ஏம்மா கட்டினே?" என்றார் தலைவி. குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

கடுகு எழுந்து நின்றாள். உதடு துடித்தது. "நான்தான் தப்பாக் கட்டிட்டேன் மேடம்," என்றாள்.

ஒரு வருடம் காத்திருந்த பேட்ஜ் கண்ணெதிரே போகிறது, அப்போதும் அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

என் மனைவி அந்தப் பழுப்புக் காகிதத்தைப் பார்த்தாள், டேப்பில் அச்சடித்திருந்த எங்கள் கம்பெனி பெயரைப் பார்த்தாள். "கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா?" என்று என்னிடம் கேட்டாள். "நீங்களா சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான்தான் மேடம்," என்றேன். "மதியம் யாருக்கும் தெரியாம நான்தான் பிரிச்சுக் கட்டினேன். பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவ நேத்தே எல்லாம் அடுக்கி முடிச்சிட்டா."

"வாயைத் திறந்தீங்களே, அதுவே பெரிசு. என்கிட்ட வர்ற பெரியவங்க பாதிப் பேர் திறக்கிறதில்லை," என்றார் தலைவி. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் ஒரு டீ குடிச்சுட்டுப் போறேன். அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவ மறுபடி அடுக்கினா மறுபடி பார்க்கிறேன். ஆனா உங்க கை எனக்குத் தெரியற இடத்துல இருக்கணும்."

கடுகு என்னிடம் வந்தாள். கண் நிறையத் தண்ணீர். "எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம்பா. கையை நீட்டுங்க."

நீட்டினேன். கழுத்திலிருந்த சாரணர் துணியைக் கழற்றி, இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். நானும் ஆயிரம் கயிறு கட்டியவன், இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. என் மனைவி டீ கொண்டுவந்தாள், எனக்கு மட்டும் இல்லை. எப்படியும் பிடித்துக் குடிக்க முடியாது.

கடுகு டேப்பைக் கிழிக்கக் கத்தரிக்கோல் எடுத்து வந்து, முப்பத்தொரு பொட்டலத்தையும் பிரித்துப்போட்டுவிட்டு அடுக்கினாள். சட்டையைச் சுருட்டினாள். சுருட்டிய சட்டைகளுக்கு நடுவே முகாமில் சமைக்கும் சின்ன அடுப்பு அசையாமல் உட்கார்ந்தது. காலுறைக்குள் போன கரண்டி சத்தம் போடவில்லை. நேற்று ஏன் இதெல்லாம் என் கண்ணில் படவில்லை? நேற்று என் கை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்தபின் கடைசியாக அந்த மஞ்சள் பையை எடுத்தாள். பிளாஸ்திரி, டார்ச், தீப்பெட்டி, சோப்பு, தைலம், பிஸ்கட், காலுறை.

"அது என்ன பை?" என்று கேட்டேன்.

"முதல் நாள் பை," என்றாள், இன்னும் கோபம் தீராமல். "நீங்கதானே ஃபோன்ல எல்லாருக்கும் சொல்வீங்க. புது இடத்துல இறங்கினதும் எது முதல்ல தேவைப்படுமோ அதெல்லாம் ஒரே பையில. கடைசியா ஏத்தி முதல்ல இறக்கணும்னு."

சொல்வேன். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்கிறேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வாயில் ரொட்டியோடு சொல்வேன். பக்கத்தில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தொழில் தெரியாத கட்டு என்று நினைத்து மதியம் நான் பிரித்துப்போட்டது என் தொழிலையேதான். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்கவும் கை இல்லை.

"எனக்கு விரல் வெட்டிடுச்சு," என்றார் தலைவி திடீரென்று.

ஒன்பது வினாடி. பிளாஸ்திரி அவர் விரலில் ஒட்டியிருந்தது.

"பேட்ஜை முகாம்ல வச்சுத் தர்றேன்," என்றவர் ஒரு தாளை மேஜையில் வைத்தார். "பெற்றோர் கையெழுத்துப் போடணும். 'முழுவதும் பிள்ளையே செய்தது.' போட முடியுமா?"

கடுகு என் கட்டின் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அரை மணி நேரம் எனக்கு மசியாத முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. கையெழுத்துப் போட்டேன். பிறகு சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ஸ்டிக்கர் கட்டை எடுத்து, மூன்று சிவப்பு ஸ்டிக்கர்களை உரித்து, மூன்று பைகளிலும் சுருக்கம் விழாமல் ஒட்டினேன்.

கடுகு குனிந்து படித்தாள். "அப்ப இனிமே திறக்க மாட்டீங்களா?"

"சத்தியமா மாட்டேன். என் துண்டு வேணும்னாகூட உன்னைத்தான் கேட்பேன்."

"ஏதாவது உடைஞ்சா உங்க பொறுப்பில்லையா?"

"இல்லை. உன் பாடு."

அன்று முதல் தடவையாக அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.